ஒரு கை தண்ணீர்

ஏழு மணிக்குச் சீரியல். பட்டாசுக் கம்பெனி வேன் வேலுத்தாயை ஏழாயிரம்பண்ணைத் தெருமுனையில் இறக்கிவிடுவதும் ஏழு மணிக்குத்தான். குளிக்கப் போனால் பாதிக் கதை போய்விடும். உடம்பெல்லாம் அலுமினியப் பவுடரோடு வாசற்படிக்கு வெளியே சாக்கை விரித்து உட்கார்ந்து, திறந்த கதவு வழியே டிவி பார்ப்பாள். வெடிமருந்து படிந்த உடம்போடு அடுப்பெரிகிற வீட்டுக்குள் அங்கே யாரும் நுழைவதில்லை.

மகள் ஓவியாவுக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். குடும்பத்தில் முதல் பட்டதாரி அவள்.

"கம்பெனியில கைகால் களுவ ஒரு குழாய் கிடையாதா?"

"குழாய் இருக்கு. தண்ணிதான் வராது."

"கேக்க வேண்டியதுதான?"

"படிச்சவ நீ வந்து கேளு. இப்ப வாய மூடு, ஐயா வந்துட்டாரு."

ஐயா என்றது சீரியலில் வரும் தலைவரை. ஒதுக்கப்பட்ட சாதியில் பிறந்து, தன் மக்களின் உரிமைக்காக எழுந்து நின்றவரின் கதை. முதல் வாரத்தில் அவர் பள்ளிக்கூடத்துப் பையன். பானையைத் தொடக்கூடாது, பியூன் உயரத்திலிருந்து ஊற்ற, அண்ணாந்து குடித்தான். அன்றைக்கு வேலுத்தாய்க்குச் சோறு இறங்கவில்லை. இப்போது ஐயா வளர்ந்து, கோட்டுப் போட்டு, ஆயிரம் பேரோடு ஊர்ப் பொதுக்குளத்தில் இறங்குகிறார். மூன்று நாளாக இறங்கிக்கொண்டே இருக்கிறார். தண்ணீரில் கை படப்போகும் நேரம் பார்த்து 'தொடரும்' போட்டுவிடுகிறார்கள்.

"இன்னைக்காவது குடிக்க விடுவானுகளா, பாவிப்பயலுக? நாளைக்கு லோடு ஏத்தணும், வர நேரமாகும்ட்டி" என்றவளுக்கு இருமல் வந்தது. "தண்ணி கொண்டா."

ஓவியா செம்போடு வந்தாள். தினமும் நடப்பதுதான். பவுடர் கையால் வேலுத்தாய் பாத்திரத்தைத் தொடமாட்டாள். அண்ணாந்து வாயைத் திறப்பாள். மகள் மேலேயிருந்து ஊற்றுவாள். இன்றைக்கும் அம்மா அண்ணாந்தாள். செம்பைச் சாய்க்கப்போன கை அப்படியே நின்றது.

அந்தப் பியூன் நின்றதும் இப்படித்தான்.

உள்ளே போய்த் தன் தம்ளரை எடுத்து வந்து, செம்புத் தண்ணீரை அதில் ஊற்றினாள். டிவிக்கு முதுகைக் காட்டிச் சாக்கில் மண்டியிட்டாள். துப்பட்டா நுனியை நனைத்து அம்மாவின் உதட்டைத் துடைத்து, தம்ளரை வாயில் வைத்தாள்.

"தம்ளர்ல மருந்து ஒட்டும்டி."

"ஒட்டட்டும். வெளக்கிக்கிடலாம்."

"ஏ, மறைக்காதட்டி! ஐயா குனியிறாரு..."

"நீ குடி மொத."

வேலுத்தாய் மடக்கு மடக்கென்று குடித்தாள். டிவியில் கூட்டம் ஆரவாரித்தது. மகளின் தோளுக்கு மேலே அவள் எட்டிப் பார்ப்பதற்குள் 'தொடரும்' வந்துவிட்டது.

"போச்சு! குடிச்சாராட்டி?"

ஓவியா பார்த்ததெல்லாம் அம்மாவின் தொண்டை ஏறி இறங்கியதைத்தான்.

"குடிச்சாரும்மா. வயிறு நெறையக் குடிச்சாரு." துடைத்தும் போகாத பவுடர் தம்ளரின் விளிம்பில் ஒரு வெள்ளி உதடாகப் பதிந்திருந்தது. "நாளைக்கு உங்க வேன்ல எனக்கும் ஒரு எடம் போடு. அந்தக் குழாயப் பாக்கணும்."