இருநூற்றுப் பதினான்கு துண்டுச் சீட்டுகள்

அவளுக்கு அந்த இசை நாடகத்தில் ஏழு வேடங்கள் தலைகீழாகத் தெரியும். ஒன்றுகூட அவளுடையது கிடையாது. ராணிக்குக் காய்ச்சல் என்றால் அவள் ராணி. பணிப்பெண்ணுக்குக் கால் பிசகினால் அவள் பணிப்பெண். பதினோரு வருடம், ஆறு நாடுகள், இரண்டு பெட்டிகள் என்று ஓடிவிட்டது. அவள் மேடையேறும் நாளில் மட்டும் நிகழ்ச்சிப் புத்தகத்துக்குள் ஒரு துண்டுச் சீட்டைச் செருகுவார்கள். 'இன்று ராணியாக நடிப்பவர்' என்று போட்டு அவள் பெயர் இருக்கும். ஆட்டம் முடிந்ததும் பாதிச் சீட்டுகள் நாற்காலிக்கு அடியில் கிடக்கும். ஒவ்வொரு தடவையும் ஒன்றைப் பொறுக்கி வந்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவைப்பாள். இருநூற்றுப் பதினான்கு சேர்ந்திருந்தன. ஊரில் இருக்கும் அக்கா அவளுக்கு வைத்திருக்கும் பெயர் 'உப்புக்குச் சப்பாணி'. பாசமாகத்தான் சொல்வாள். ஆனாலும் சுருக்கென்று இருக்கும்.

போன வாரம் ராணி வேடக்காரி வேறு நாடகத்துக்குப் போய்விட்டாள். அவள் போனால் அடுத்தது நீங்கள்தான் என்று நிர்வாகம் மூன்று வருடமாகச் சொல்லிவந்தது. இவளும் அப்படியே நம்பினாள். ஒரு வாரமாக இவள்தான் ராணி, இன்னும் சீட்டோடுதான். இன்று காலை இயக்குநர் பறந்துவந்து, ஒப்பனை அறைக்கே வந்து உட்கார்ந்தார்.

"டிவியில பாடுறாங்களே, அவங்க பத்து நாள்ல ராணியா வர்றாங்க. நீங்கதான் கத்துக்குடுக்கணும். உங்களை விட்டா யாரு இருக்கா?"

"அந்த வேஷம் எனக்குன்னு சொன்னாங்களே, சார்."

"உங்களை ஒரு வேஷத்துல கட்டிப்போட்டா மத்த ஆறுக்கும் நான் யாரைத் தேடுறது? அதோட..." கையிலிருந்த தாள்களைப் புரட்டினார். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் மேடை மேலாளர் எழுதி அனுப்பும் அறிக்கைகள் அவை. "ரெண்டு வருஷம் முன்னாடி, ராணியும் பணிப்பெண்ணும் சேர்ந்து பாடுற பாட்டுல ரெண்டு பேர் வரியையும் நீங்களே பாடிட்டீங்களாமே."

உண்மைதான். முந்தின நாள் பணிப்பெண், மறுநாள் ராணி. ஏழு பேரின் வரிகளை ஒரே மண்டையில் சுமப்பவளுக்கு மட்டுமே வரக்கூடிய தவறு அது. அன்று அவமானத்தில் அழுதிருக்கிறாள். இன்று கோபம்தான் வந்தது.

"என்னை நீங்க மேடையில எத்தனை தடவை பார்த்திருக்கீங்க, சார்?"

அவர் யோசித்தார். யோசிக்க ஒன்றுமில்லை. ஒவ்வொரு ஊரிலும் முதல் நாள் ஆட்டத்துக்கு வருவார். அன்று புத்தகத்தில் பெயர் உள்ளவர்கள் ஆடுவார்கள். மறுநாளே கிளம்பிவிடுவார். மாற்றாள் ஆடுவதெல்லாம் கூட்டமில்லாத செவ்வாய்க்கிழமைகளில்.

"ஒரு தடவைகூட இல்ல," என்று அவளே சொன்னாள். "இன்னிக்கு மூணு மணி ஆட்டத்துக்கு உட்காருங்க. பார்த்துட்டு வேண்டாம்னு சொல்லுங்க, கேட்டுக்கறேன். பார்க்காம சொன்னா, நான் யாருக்கும் கத்துக்குடுக்கறதா இல்ல. என் ஒப்பந்தத்துல அது கிடையாது."

"அப்போ அந்த ஏழும் போயிடும். தெரியுமில்ல?"

"போகட்டும்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "முதல் பாதி மட்டும். அப்புறம் எனக்கு விமானம் இருக்கு."

அக்காவுக்குப் போன் போட்டாள். அக்கா திட்டித் தீர்த்தாள். "வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா? இருக்கறதையும் கெடுத்துக்காதடி."

"எனக்கு நாப்பத்தொண்ணு ஆச்சுக்கா. இன்னும் எத்தனை நாள் நாற்காலி அடியில குனிஞ்சு சீட்டு பொறுக்கச் சொல்ற?"

"சரி, முடிஞ்சதும் கூப்பிடு," என்றாள் அக்கா.

மூன்று மணிக்குத் திரை எழுந்தது. ஏழாவது வரிசையின் ஓர நாற்காலியில் இயக்குநர், காலடியில் பெட்டி. அவள் அந்தப் பக்கம் பார்க்கவே கூடாது என்று இருந்தாள்; ஐந்து தடவை பார்த்தாள். குரல் சொன்ன பேச்சைக் கேட்டது. முதல் பாதி முடிய ஒரே ஒரு பாட்டு பாக்கி, அந்தப் பாட்டுதான்.

ராணி கேட்கிறாள், பணிப்பெண் பதில் சொல்ல வேண்டும். பணிப்பெண்ணாக ஆடியவள் வந்து இரண்டாவது வாரம்தான் ஆகிறது. அவள் வாயைத் திறந்தாள், நெற்றியோரம் ஒட்டியிருந்த மைக் செத்துப்போயிருந்தது. தன் குரல் தனக்கே கேட்காததில் பயந்து தொண்டை அடைத்துக்கொண்டது. வெறும் வாத்தியம் மட்டும் ஓடியது.

சும்மா நின்றால் பழி பணிப்பெண்ணோடு போகும். பாடினாலோ, அறிக்கையில் இருக்கும் அதே தவறு, அதே பாட்டு, ஏழாவது வரிசையில் அதைப் படித்த ஆள். அவளுக்கு எல்லாம் தெரிந்தது. எட்டிப் பணிப்பெண்ணை இழுத்து, வாய் அசையாதது தெரியாமல் முகம் தன் தோளில் புதையும்படி அணைத்துக்கொண்டாள். குரலை மெல்லிசாக்கி, பணிப்பெண்ணின் நான்கு வரிகளையும் பாடினாள். நடுநடுவே ராணியாகவும் பாடினாள்.

இடைவேளையில் இயக்குநர் பெட்டியோடு பக்கவாட்டுத் திரைக்கு வந்தார்.

"நல்லா இருந்துச்சு. உண்மையாவே. அந்த அணைக்கிற இடம் புதுசு, அதை அப்படியே வெச்சுக்கலாம். முக்கியமா, அந்தப் பாட்டுல இந்தத் தடவை குழப்பமே இல்ல."

காதில் கருவியை மாட்டிக்கொண்டு நின்ற மேடை மேலாளர் இவளைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டிரு என்று அந்தப் பார்வை கெஞ்சியது.

"குழப்பம் இல்லதான். ஆனா ரெண்டு பேர் வரியையும் நான்தான் பாடினேன்," என்றாள் அவள். "அந்தப் பொண்ணோட மைக் போயிடுச்சு. நாலு வரி. ஏழாவது வரிசையில உட்கார்ந்து நீங்களே கேட்டீங்க. உங்களுக்கே தெரியல."

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். "எப்படி..."

"ஏழு வேஷம் தெரிஞ்சதாலதான். அதைத்தான் நீங்க என் குறைன்னு கையில வெச்சிருக்கீங்க."

மணி அடித்தது. அவள் பாவாடையைத் தூக்கிக்கொண்டு போனாள். இரண்டாம் பாதிக்குத் திரை எழுந்தபோது ஏழாவது வரிசை ஓர நாற்காலி காலியாக இல்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். விமானம் அவர் இல்லாமல் போய்ச் சேர்ந்தது.

மாலை ஆட்டத்துக்கு வழக்கம்போல வாசலில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வந்தாள். இருக்கை காட்டும் அம்மா மேடை மேலாளரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்: "சீட்டு இன்னும் வரலையேம்மா?"

"இன்னிக்கு சீட்டு கிடையாது. திரை ஏறும்போது நான் இவ பேரை மைக்குல சொல்லிடறேன். நாளையிலிருந்து ராணின்னு இவ பேரைப் போட்டு புத்தகத்தையே மாத்தி அடிக்கச் சொல்லிட்டார் இயக்குநர்."

கண் கலங்கியதை மறைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

மேடை மேலாளர் மதிய அறிக்கையை நீட்டினாள். பாட்டுக்கு எதிரே ஒரு வரி வெறுமையாக இருந்தது. "இதை மறுபடியும் எழுதணுமாடி? நான் விட்டுடறேன், யாரும் கேக்க மாட்டாங்க."

"எழுது," என்றாள் அவள். "ரெண்டு பேர் வரியையும் ராணியே பாடினாள்னு எழுது. பக்கத்துல 'வேணும்னே'ன்னும் எழுது."