தங்கப்பொண்ணு தூங்கிய பகல்

கீழக்குயில்குடி பால்வாடியில் அன்னக்கொடி டீச்சராகச் சேர்ந்த நான்காவது மாதம் அது. எண்பத்து மூன்றாம் வருடம், ஐப்பசி. சமயநல்லூரிலிருந்து இரண்டு பஸ் மாறி நாகமலை புதுக்கோட்டையில் இறங்கி, மலையைப் பார்த்தபடியே நடந்து வருவாள். வழியெல்லாம் நடவு நடந்துகொண்டிருந்தது.

மதுரையில் நடந்த பயிற்சியில் காட்டிய ஒரு விளையாட்டை அந்த வாரம் செய்து பார்த்தாள். பிள்ளையைத் தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, உடம்பைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட வேண்டும். பிள்ளை எழுந்ததும் அவன் அளவிலேயே ஓர் உருவம் தரையில் கிடக்கும். அதற்குக் கண், மூக்கு, சட்டைப் பித்தான் எல்லாம் அவனே வரைவான். முழங்கை எது, தோள் எது, வலது எது, இடது எது என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே அவனுக்குப் பிடிபட்டுவிடும்.

பதினெட்டுப் பிள்ளைகள். நாலு வயதுக் கண்ணுச்சாமியின் முறை கடைசியில் வந்தது. கோடு போட்டு முடித்ததும் மெதுவாக எழுந்து தள்ளி நின்று பார்த்தான். பிறகு வீட்டுக்குப் போகும் நேரம் வரை அதைச் சுற்றியே நடந்தான். ஒரு பிள்ளையையும் மிதிக்க விடவில்லை.

அன்று மாலை அவன் தன் அம்மாவிடம், "நான் இங்கிட்டு வந்துட்டேம்மா. ஆனா பால்வாடியிலயும் படுத்திருக்கேன்" என்று சொல்லியிருக்கிறான்.

மறுநாள் பதினோரு மணிக்கு அவனுடைய அம்மா தங்கப்பொண்ணு வயலிலிருந்து நேராக வந்து வாசலில் நின்றாள். முழங்கால் வரை சேறு. சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள்.

"டீச்சர், எம் புள்ளையத் தரையில கிடத்திக் கோடு போட்டீகளாமே?"

"ஆமாக்கா. எல்லாருக்கும்தான் போட்டோம். உள்ள வந்து பாருங்களேன்."

"பாக்க வரல. மொதல்ல அத அழிங்க." அவள் வாசலைத் தாண்டவில்லை. "எந்தம்பி கருப்பு, ரோட்டுல லாரி அடிச்சுக் கெடந்தப்ப போலீசு இப்படித்தான் சுத்திக் கோடு போட்டாங்க. அவனத் தூக்கிட்டுப் போன பெறகும் கோடு அங்கனயே கெடந்துச்சு. வண்டியெல்லாம் அதும்மேலதான் போச்சு. மழ பேஞ்சு அது அழியுற மட்டும் நான் அந்தப் பக்கம் போகல. உசுரோட இருக்குற புள்ளைக்கு எதுக்கு டீச்சர் அந்தக் கோடு?"

பயிற்சியில் இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை. அன்னக்கொடி ஈரத்துணியை எடுத்துக்கொண்டு கண்ணுச்சாமியின் உருவத்தருகே போய்க் குனிந்தாள்.

"டீச்சர், டீச்சர், வேணாம்!" கண்ணுச்சாமி குறுக்கே ஓடி வந்தான். "நான் இன்னும் கண்ணு வைக்கலம்மா. கண்ணு வச்சா முழிச்சிரும்."

அவன் சாக்பீஸ் துண்டை எடுத்து, தன் உருவத்தின் முகத்தில் இரண்டு பெரிய வட்டங்களைப் போட்டான். ஒன்று நெற்றிக்குப் போய்விட்டது. வட்டங்களுக்குள் புள்ளி வைத்து அழுத்தித் தேய்த்தான். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான்.

"முழிச்சிருச்சு" என்றான்.

அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சமையலறையிலிருந்து ஆயா சீனியம்மாள் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு மிச்சத்தில் முகம் கழுவினாள்.

"நீயும் படும்மா. ஒன்னயும் வரைவோம்" என்றான் கண்ணுச்சாமி.

"போடா. எனக்கு நடவு கெடக்கு."

பிள்ளைகள் விடவில்லை. "படுங்கத்தே, படுங்க சின்னம்மா" என்று ஆளுக்கொரு முறை வைத்துக் கூப்பிட்டார்கள். அவள் அன்னக்கொடியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய்த் தொட்டித் தண்ணீரில் கால் சேற்றை நன்றாகத் தேய்த்துக் கழுவி, செருகலை அவிழ்த்துவிட்டு உள்ளே வந்து, கூச்சத்தோடு தரையில் படுத்தாள்.

சிமெண்டுத் தரை குளிர்ந்திருந்தது. நான்கைந்து பிள்ளைகள் சாக்பீஸோடு அவளைச் சுற்றி மண்டியிட்டார்கள். கோடு காதோரம் வந்தபோது அவளுக்குக் கூச்சமெடுத்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். தோள், கை, ஒவ்வொரு விரலாக உள்ளே போய் வெளியே வந்தது கோடு. இடுப்புக்கு வந்தபோது அவள் மூச்சு சீராகிவிட்டது. பாதத்தை எட்டுமுன் தூங்கிப்போனாள்.

"அம்மா!" என்று ஒருத்தி கூப்பிட்டாள். அசைவில்லை.

"கோழி கூப்புட நாத்துப் பறிக்கப் போனவ. எழுப்பாதீங்க டீச்சர்" என்றாள் சீனியம்மாள்.

அன்னக்கொடி உதட்டில் விரல் வைத்தாள். பதினெட்டுப் பேரும் உதட்டில் விரல் வைத்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்த எதையும் அவள் திட்டமிடவில்லை. எண்ணிப் பழகுவதற்காக டப்பாவில் வைத்திருந்த புளியங்கொட்டைகளை ஒரு சிறுமி எடுத்துவந்து, கோட்டின் மேல் ஒவ்வொன்றாக வைக்க ஆரம்பித்தாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கொட்டை கீழே படும் சத்தம்கூட வராமல் வைத்தார்கள். கொட்டை தீர்ந்தபோது இரண்டு பேர் வெளியே போய் ஆவாரம்பூக்களை மடி நிறையக் கொண்டுவந்தார்கள். வெளியே மேகம் இறங்கி மலையின் பாதி மறைந்திருந்தது. அறைக்குள் வெளிச்சம் மோர் நிறத்தில் நின்றது. அணில்கூடக் கத்தவில்லை.

கண்ணுச்சாமி அம்மாவின் தலையிலிருந்து கால் வரை கோட்டோரமாகவே சாண் போட்டு அளந்தான். பத்துக்கு மேல் அவனுக்கு எண்ணத் தெரியாது. "பத்து. பெறகு நாலு" என்று டீச்சரின் காதில் வந்து சொன்னான்.

சத்துணவு வெந்ததும் எல்லோரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ரகசியம் பேசிக்கொண்டு சாப்பிட்டார்கள். பிறகு தூங்கும் நேரம். பாய்களைத் தங்கப்பொண்ணுவைச் சுற்றியே விரித்துப் படுத்துக்கொண்டார்கள். அன்னக்கொடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இத்தனை பேரின் மூச்சையும் கேட்டபடி இருந்ததில் அவளும் எங்கோ போய்வந்ததுபோல் இருந்தது. மலைக்கு மேலே ஒரு தரை இருப்பதாகவும், அதில் ஊரே படுத்திருப்பதாகவும், யாரோ எல்லோரையும் சுற்றிப் பூ வைத்துக்கொண்டே போவதாகவும் தோன்றியது.

கண் திறந்தபோது தங்கப்பொண்ணு எழுந்து நின்றுகொண்டிருந்தாள். ஒரு கொட்டைகூட நகரவில்லை. அவ்வளவு பக்குவமாக எழுந்திருக்கிறாள்.

"மணி என்ன டீச்சர்?"

"ரெண்டரை."

"ஆத்தீ. கலியாணமான நாளிலருந்து நான் பகல்ல தூங்கினதில்ல." தரையில் கிடந்த தன் உருவத்தையே பார்த்தாள். "நான் இம்புட்டு நீளமா?"

"பத்தும் நாலும் சாண். உங்க மகன்தான் அளந்தான்."

அவள் உருவத்தின் தலைமாட்டுக்குப் போய் நின்றாள். பிறகு, "கருப்பு என்னையவிட ஒசரம்" என்றாள்.

அன்னக்கொடி தயங்கினாள். பிறகு ஒரு முழுச் சாக்பீஸை எடுத்து நீட்டினாள். தங்கப்பொண்ணு அதுவரை சாக்பீஸ் பிடித்ததில்லை. நாற்று பிடிப்பதுபோல் மூன்று விரலால் பிடித்தாள். தன் உருவத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டுப் பாதத்திலிருந்து தொடங்கினாள். கோடு கோணலாகப் போயிற்று. பிள்ளைகள் ஒவ்வொருவராக விழித்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து சுற்றி நின்றார்கள்.

"அவனுக்கு எடது தோளு கொஞ்சம் சரிஞ்சிருக்கும்டி" என்றாள் சீனியம்மாள், சோற்றுக்கரண்டியோடு நின்று.

"ஆமாக்கா, மறந்தே போனேன்."

தோளைச் சேலைத் தலைப்பால் அழித்துச் சரித்துப் போட்டாள். ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கி வரைந்தாள். பஸ் போனால் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் கை காட்டுவானாம். கண்ணுச்சாமி பார்த்திராத மாமனுக்கு வட்டக் கண் இரண்டு வைத்தான். இந்த முறை இரண்டும் சரியான இடத்தில் வந்தன. தங்கப்பொண்ணு சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பிள்ளைகள் அவள் அழுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மிச்சமிருந்த ஆவாரம்பூவைக் கருப்புவின் சட்டையில் பித்தானாக வைக்கப் போய்விட்டார்கள்.

தூறல் விழ ஆரம்பித்தது. "பொழுதடையுறதுக்குள்ள ரெண்டு பாத்தியாச்சும் நட்டுட்டு வாரேன்" என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிப் போனாள்.

வெள்ளிக்கிழமை தரை கழுவும் நாள். அன்னக்கொடி அழிக்க மனமில்லாமல் நின்றாள். பிள்ளைகளுக்கு அந்த வருத்தமெல்லாம் இல்லை. குவளை குவளையாக ஊற்றிச் சறுக்கி விளையாடினார்கள். கண்ணுச்சாமிதான் முதல் குவளையை ஊற்றினான்.

திங்கட்கிழமை காலை தங்கப்பொண்ணு அவனைக் கொண்டுவந்து விட்டாள். வழக்கமாக வாசலிலேயே திரும்பிவிடுவாள். அன்று நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இன்னைக்கு என்ன டீச்சர் செய்யப் போறீக?"

"மண் பிசையலாம்னு இருக்கோம்க்கா. வயல் மண்ணு கொஞ்சம் எடுத்து வச்சிருக்கேன்."

"வயல் மண்ணு காயக்காய வெடிச்சுப் போகும். இருங்க, கம்மாக்கரை மண்ணு அள்ளியாரேன்" என்று சொல்லி, மூலையில் கிடந்த பால்வாடிச் சட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மூன்று பிள்ளைகள் அவள் பின்னாலேயே ஓடினார்கள். அன்னக்கொடி கூப்பிடவில்லை. மற்ற பதினைந்து பேரையும் கையைப் பிடித்து வரிசையாக நிற்க வைத்து, அவளும் கண்மாயைப் பார்க்க நடந்தாள்.