ஆலாபனைக்கு ஏது தாளம்

கச்சேரி ஹாலில் ஏசியை நிறுத்தியதும் டெய்லரம்மா சட்டென்று மேலே நிமிர்ந்து பார்த்தாள். அந்த ஏசியின் இரைச்சலை நம்பித்தானே புருஷனைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்கார வைத்திருந்தாள்!

அவள் புருஷனை எல்லாரும் ஒயர்மேன் என்றுதான் கூப்பிடுவார்கள். மின்சார ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றும் அந்தப் பெயர் ஓய்வு பெறவில்லை. மனுஷனுக்கு வீணை என்றால் உயிர். எங்கே கச்சேரி என்றாலும் முதல் ஆளாய்ப் போய் நிற்பவர், நெஞ்சில் ஆபரேஷன் ஆன பிறகு ஒன்றுக்கும் போவதில்லை. உள்ளே வைத்த உலோக வால்வு 'டிக் டிக்' என்று சத்தம் போடும். "அமைதியான இடத்துல கேக்கும், பழகிடும்" என்று டாக்டர் சொன்னார். டெய்லரம்மாவுக்குப் பழகிவிட்டது. அந்தச் சத்தம் காதில் விழாவிட்டால் அவளுக்கு இப்போதெல்லாம் தூக்கமே வராது. அவருக்குத்தான் பழகவில்லை. பஸ்ஸில் ஒரு சின்னப் பெண், "தாத்தா, உங்க சட்டைக்குள்ள கடிகாரமா?" என்று கேட்டதிலிருந்து வீட்டில் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு அதன் கீழேயே கிடந்தார். துக்க வீட்டுக்குக்கூடப் போகமாட்டார். அங்கேதானே எல்லாரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்!

கடல் தாண்டி அவள் தம்பி வீட்டுக்கு வந்த இடத்தில், வந்த மூன்றாம் நாளே தம்பி டிக்கெட்டோடு நின்றான். "அத்தான், மைக் வைக்காத வீணைக் கச்சேரி. இந்த ஊர்ல கிடைக்கவே கிடைக்காது."

ஒயர்மேன் முகத்தில் ஆசை வந்ததையும், வந்த வேகத்தில் போனதையும் டெய்லரம்மா பார்த்தாள். பாவமாக இருந்தது. கெஞ்சி, கோபித்து, ஒரு வேளை சாப்பிடாமல் கிடந்து அவரைக் கிளப்பினாள்.

"வரேன். ஆனா அங்க ஒருத்தர் என்னைத் திரும்பிப் பார்த்தாலும் சரி, அதோட முடிஞ்சுது. இனிமே எங்கயும் என்னைக் கூப்பிடாதே. விஷயத்தை யார்கிட்டயும் சொல்லவும் கூடாது, உன் தம்பிகிட்டயும்" என்றார். சரி என்று தலையை ஆட்டினாள். ஏசி இரைகிற ஹாலில் யாருக்குக் கேட்கப்போகிறது என்ற தைரியம்.

இப்போது, ஒலிப்பதிவு செய்கிற ஆள் கையைக் காட்ட, அந்த ஏசி அடங்கிவிட்டது. இதுக்குத்தான் பட்ட காலிலே படும் என்றார்கள்.

மேடை முழங்கால் உயரம்தான். வீணையம்மா கண்ணை மூடி, ஒற்றைத் தந்தியை மீட்டினார். நாதம் எழுந்து, வளைந்து, மெல்லத் தேய்ந்தது. அது தேய்ந்த இடத்தில் 'டிக், டிக்' என்று கேட்டது.

டெய்லரம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டாள், ஏதோ அவள் மூச்சை நிறுத்தினால் அது நிற்கும் என்பதுபோல. பக்கத்தில் ஒயர்மேன் கண்கலங்கி, வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். வாய் திறந்தால் சத்தம் இன்னும் பெரிதாகக் கேட்கும். "வாயை மூடுங்க" என்று முழங்கையால் இடித்தாள். மூடினார். பயத்தில் நெஞ்சு வேகமெடுத்தது. டிக் டிக்கும் வேகமெடுத்தது.

அடுத்த சீட்டுக் கண்ணாடிக்காரர் முதலில் திரும்பினார். பின்வரிசையில் யாரோ 'த்சொ' கொட்டினார்கள். ஓரத்திலிருந்து தம்பி குனிந்தபடி ஓடிவந்தான்.

"அத்தான், வாட்சைக் கழட்டிக் குடுங்க. ரெக்கார்டிங்ல விழுதாம்."

அவர் கையில் வாட்சே இல்லை. டெய்லரம்மா சட்டென்று தன் வாட்சைக் கழற்றி அவன் கையில் திணித்தாள். "என்னுதுடா, எடுத்துட்டுப் போ." அவன் அதை வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு நிம்மதியாகத் திரும்பினான். டிக் டிக் அப்படியே இருந்தது. அவள் முந்தானையை நாலாக மடித்து அவர் நெஞ்சில் வைத்து அழுத்தினாள். கடிகாரத்தைப் போர்த்தினால் மணி ஓடாமல் போகுமா?

வீணை நின்றது.

"யாரோ தாளம் போடறீங்க" என்றார் வீணையம்மா. குரலில் கோபம் இல்லை, அதுவே பயமாக இருந்தது. "ஆலாபனைக்கு ஏதுங்க தாளம்? அதுவும் இவ்வளவு தப்பா!"

ஹாலே சிரித்தது. மிருதங்கக்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணாடிக்காரர் வெளிப்படையாகவே கையை நீட்டிக் காட்டினார்.

ஒயர்மேன் எழுந்துவிட்டார். முகம் செத்துப்போயிருந்தது. அத்தனை கண்ணும் அவர்மேல். இந்த மனுஷன் இந்தக் கதவைத் தாண்டினால் இனி எந்தக் கதவுக்குள்ளும் நுழையமாட்டார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கொடுத்த வாக்காவது மண்ணாங்கட்டியாவது! ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு அவளும் எழுந்தாள்.

"தாளமும் இல்ல, வாட்சும் இல்லீங்க. என் வீட்டுக்காரர் நெஞ்சு அது. ஆபரேஷன் பண்ணி உலோகத்துல வால்வு வெச்சிருக்கு. அந்தச் சத்தம் நிக்கணும்னா நான் தாலியைக் கழட்டணும். கழட்டவா?"

சிரித்த வாயெல்லாம் மூடிக்கொண்டன. அந்த அமைதியில் டிக் டிக் இன்னும் நன்றாகக் கேட்டது.

வீணையம்மா ஒயர்மேனைப் பார்த்தார். "வலிக்குமா?"

"இல்லீங்க. சத்தம் மட்டும்தான்."

"அப்புறம் ஏன் நிக்கிறீங்க? உட்காருங்க." ஒலிப்பதிவுக்காரர் பக்கம் திரும்பி, "ஏசியைப் போடுங்க" என்றார்.

"அம்மா, பதிவு கெட்டுடும்…"

"கெடட்டும். எனக்கும் வேர்க்குது."

ஏசி இரைந்தது. ஒயர்மேன் உட்கார்ந்தார், ஆனால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். "ஊரைக் கூட்டிச் சொல்லிட்டே" என்றார். ஆலாபனை முடிந்தது, பாட்டு நடந்தது, அவர் திரும்பவில்லை. சபையில் மானத்தை வாங்கிவிட்டோமே என்று அவளுக்கு ஒரே குமுறல். ஒரு ஸ்வரமும் காதில் ஏறவில்லை.

பிறகு மிருதங்கக்காரரைத் தனியாக வாசிக்க விட்டார்கள். முதலில் சிரித்த குற்றத்துக்கும் சேர்த்தோ என்னவோ, மனுஷன் இடி இடிப்பதுபோல வெளுத்து வாங்கினார். அந்த முழக்கத்தில் டெய்லரம்மா காதைத் தீட்டினாள். டிக் டிக் கேட்கவில்லை. இன்னும் சாய்ந்து கேட்டாள். இல்லை.

அவர் தலை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. கண் மூடியிருந்தது. மடியில் கை அசையாமல் கிடந்தது.

'ஐயோ, தாலியைக் கழட்டவான்னு நான் பேசின பேச்சு' என்று அவள் பதறிப்போனாள். கூட்டமாவது, முதல் வரிசையாவது! சட்டைப் பொத்தானை விலக்கி, உள்ளங்கையை அவர் நெஞ்சில் வைத்து அழுத்தினாள்.

ஒயர்மேன் கண்ணைத் திறக்கவில்லை. அவள் கைமேல் தன் கையை வைத்துக்கொண்டார்.

"ஓடுது, ஓடுது" என்றார். "நீ வாசிப்பைக் கேளு."