மோவாய்க்கு ஓர் உள்ளங்கை

குன்றத்தூர்க் குன்றின்மேல் நின்று தென்மேற்கே நோக்குவார்க்கு, ஏரிகளில் எஞ்சிய நீர் உடைந்த கண்ணாடித் துண்டுகளென ஆங்காங்கே மின்ன, அவற்றின் நடுவே ஆலைகளின் வெண்கூரைகள் வெயிலை வாங்கி வானுக்கே திருப்பி எறிய, ஒரகடத்துப் பெருஞ்சாலை நீரற்ற பேராறெனக் கிடந்து, மீன்களுக்கு மாறாகச் சுமையூர்திகளை ஏந்திச் செல்லும் காட்சி தோன்றும். ஐப்பசி மழை ஓய்ந்திருந்த ஒரு பிற்பகலில், அச்சாலையோரத்துச் சேரப்பணஞ்சேரியில், ரோஸி என்பாளின் சிற்றுண்டிக் கடை நிழலில், வேல்ராஜ் என்னும் இளைஞன் வலக்கையைத் துண்டால் மூடியவாறு அமர்ந்திருந்தான். மூடிய துண்டினுள் கை இல்லை, என் கண்மணிகளே. நான்கு திங்களுக்கு முன் ஆலையின் அழுத்துபொறி ஒன்று அதனை மணிக்கட்டோடு கொண்டுவிட்டது.

“இன்னாபா வேலு, டீ ஆறிக்கினு கீது. துண்டை எடுத்துட்டுக் குடி. என்னாண்ட இன்னா வெக்கம்?” என்றாள் ரோஸி.

“இருக்கட்டும்க்கா” என்று அவன் துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டான்.

அவன் அஞ்சியது ரோஸியின் கண்களுக்கன்று, செவலைக்கு. செவலை என்பவள் அத்தெருவில் பிறந்து, எவரும் வளர்க்காமலே வளர்ந்து, தனக்குரியவன் இவனே என்று தானே தேர்ந்துகொண்ட செந்நிறப் பெண்நாய். நாய்கள் தம் அன்பைச் சொல்லும் வழிகள் பல: வாலைச் சுழற்றுவன உண்டு; மேலே தாவி முகத்தை நக்குவன உண்டு; செருப்பைக் கவ்விவந்து காலடியில் இடுவன உண்டு. செவலையோ இவற்றுள் எதையும் செய்யாள். மூன்றரை மணிக்கு ஆலைப் பேருந்து வந்து நிற்க, ஒரே நிறச் சீருடையில் நாற்பது பேர் களைத்து இறங்க, அவருள் இவனை முகர்ந்தறிந்து, அருகே வந்து, இவன் வலது உள்ளங்கையில் தன் மோவாயை வைத்துக் கண்மூடி நிற்பாள். “போதும்டி” என்று இவன் சொல்லுமளவும் எடுக்கமாட்டாள். அவ்வளவே அவள் மொழி.

கையிழந்தவன் மருத்துவமனையிலிருந்தே தன் ஊரான சங்கரன்கோவிலுக்குப் போய்விட்டான். அவன் வாடகை அறையில் விட்டுச்சென்ற சீருடைச் சட்டையை ஆணியிலிருந்து இழுத்துத் தள்ளி, அதன்மேலேயே செவலை துயின்றுவந்தாள். இப்போது சீருடையைத் திருப்பித் தந்தாலன்றி விடுவிப்புக் கடிதம் தருவதற்கில்லை என்று ஆலை அழைத்திருந்தது. ஆகவே, முறைவேலைக்கு ஒருவன் போக மற்றவன் என ஒரே பாயில் தன்னோடு மாறி மாறி உறங்கிய அறைத்தோழன் கோமதிநாயகத்திடம் வேல்ராஜ் தொலைபேசியில் இறைஞ்சியிருந்தான்: “சட்டையை நல்லா தொவைச்சு, ரெண்டரைக்கே கொண்டாந்துரு மக்கா. வாசம் புடிச்சு அவ பின்னால வந்துறக் கூடாது. வந்தா, தாடையை எங்கலே வைப்பா?”

மூன்றரைக்குச் சற்று முன்னரே கோமதிநாயகம் வந்தான். அவன் அக்குளில் துவைக்காத சட்டை. அவனுக்கு மூன்றடி பின்னே, அச்சட்டையினின்று கண்ணெடுக்காத செவலை.

“என்னலே பண்ணிட்டு வந்திருக்க?” என்றான் வேல்ராஜ், முகம் வெளிறி.

“எப்பிடிலே தொவைப்பேன்? இப்பம் வரைக்கும் அவ அதுமேலதாம்லே கெடந்தா. உருவுனதுக்கு ஒரு பார்வை பாத்தா பாரு, நான் என்னமோ திருட்டுப்பய மாதிரி!”

செவலை சட்டையை மறந்தாள். மெல்லிய முனகலோடு வந்து, வேல்ராஜின் வலப்புறம் நின்று, வழக்கமான உயரத்துக்கு மோவாயை உயர்த்தி வைத்தாள். அது வெறுங்காற்றில் வைக்கப்பட்டுத் தாழ்ந்தது. மீண்டும் வைத்தாள், மீண்டும் தாழ்ந்தது. மூக்கால் துண்டை விலக்கி, வடுவேறிய முனையை நெடுநேரம் முகர்ந்து, அவன் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பின்பு, விழுந்த பொருளைத் தேடுவார்போல், அவன் காலடியை முகர்ந்தாள். அவன் அமர்ந்திருந்த விசிப்பலகையின் அடியை முகர்ந்தாள்.

அவ்வேளை ஆலைப் பேருந்து வந்து நின்றது. இறங்குவோர் கால்களினூடே புகுந்து செவலை படியேறினாள். இருக்கை இருக்கையாக முகர்ந்தாள்.

“அடச்சீ, எறங்கு! யார் நாய்யா இது?” என்று ஓட்டுநர் அதட்டினார்.

இறங்கினாள், ஆயின் போகவில்லை. பேருந்தின் முன் நான்கு கால்களையும் ஊன்றி நின்று, இரண்டாண்டுகளாக எவரையும் நோக்கிக் குரைத்தறியாத அவள், குரைத்தாள். வழிவிடச் சொல்லி ஓட்டுநர் ஒலியெழுப்ப, அதற்கும் மேலாகக் குரைத்தாள். சீருடையணிந்த நாற்பது பேரும் நின்ற இடத்திலேயே நின்று, தத்தம் கைகளை எங்கே வைப்பதென்று அறியாதவராயினர். ரோஸி சிலுவைக் குறி இட்டுக்கொண்டாள்.

“செவலே... வந்துரு தாயி. அங்க இல்லட்டீ” என்றான் வேல்ராஜ்.

அவள் குரைப்பு அடங்கத் திரும்பி வந்து, அவன்முன் அமர்ந்து, வேறிடம் காணாமையால், அந்த வடுவேறிய முனையின் மேலேயே மோவாயை வைத்துக் கண்மூடினாள். மருத்துவமனையிலும் தாய்முன்பும் கலங்காதவன் அப்போது வாய்விட்டு அழுதான். “போதும்” என்று மட்டும் சொல்லவில்லை.

அதன்பின் அவனும் செவலையும் சட்டையோடு ஆலை வாயில்வரை நடந்தனர்; துண்டு ரோஸியின் விசிப்பலகையிலேயே கிடந்தது. தான் கொடுத்த சட்டையை ஆலை கேட்டு வாங்கிக்கொண்டது. ஆலை எடுத்துக்கொண்ட கையையோ, கண்மணிகளே, இத்தனை மாந்தர் வாழும் அவ்வூரில் கேட்டவள் அவள் ஒருத்தியே. அவளுக்கு மறுமொழி சொல்வார்தாம் இன்னும் தோன்றினாரில்லை.