அத்தான் நிமிர்த்திய முச்சரிவு

அத்தான் சாக்குப் பையைக் கவிழ்த்ததும் ஏழு மரக்கட்டைகள் மேசையில் உருண்டன. பார்த்த மாத்திரத்தில் இரண்டை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன்.

கல்லூரியின் கனிம ஆய்வகத்தில் நான் உதவியாளர். படிகங்களை ஏழு தொகுதிகளாகப் பிரிப்பார்கள். தொகுதிக்கு ஒரு மர மாதிரி உண்டு. பழையவற்றைக் கரையான் தின்றுவிட்டது. "எங்க அத்தான் தச்சர்தான் மேடம், மயிரிழை பிசகாது" என்று பேராசிரியரிடம் நான்தான் வாக்குக் கொடுத்தேன். ஆறு வருடமாக என்னைக் கல் துடைக்க மட்டுமே விட்டவர், இது நல்லபடி முடிந்தால் கற்களை வகை பிரித்து அடுக்கும் பொறுப்பையே தருவதாகச் சொல்லியிருந்தார். நாளைக் காலை செய்முறைத் தேர்வு.

"அத்தான், இதுல கனசதுரம் எது?"

ஒன்றை எடுத்துக் காட்டினார். சற்று யோசித்து இன்னொன்றையும் எடுத்தார். "இதுவும்தான்."

"அது கால்சைட் கல்லுக்கு. சாஞ்சு இருக்கணும்! இந்த மூணும் ஒரே செங்கல். ஏழு கேட்டா நாலு தினுசுதான் இருக்கு."

"நீ குடுத்த படத்தைப் பாரும்மா. நல்ல சதுரத்தையே சாச்சுத்தான் வரைஞ்சிருக்கு. படம்னா அப்படித்தான்னு எனக்குத் தெரியாதா?"

"கீழ தொண்ணூத்தி நாலு, நூத்திப் பதினாறு, எண்பத்தெட்டுன்னு கோணம் எழுதியிருந்தேனே?"

அத்தான் குரலைத் தாழ்த்தினார். "பாத்தேன். நீ அவசரத்துல தப்பா எழுதிட்டன்னு நினைச்சு எல்லாத்தையும் தொண்ணூறாக்கிட்டேன். யார்கிட்டயும் சொல்லல."

என் மானத்தைக் காப்பாற்றினாராம்!

வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா தலையைத் தூக்கினாள். "நம்ம கட்டில் நாலு வருஷமா ஆடுது. அதை நிமித்த ஆளில்ல. கல்லை நிமித்தியாச்சு."

நான் கனசதுரத்தை எதிரெதிர் மூலைகளில் பிடித்துச் சுற்றிக் காட்டினேன். "பாருங்க, ஒரு சுத்துக்குள்ள மூணு தடவை முன்ன மாதிரியே வந்து நிக்குது. செங்கல்லை அப்படிச் சுத்துனா முழுச் சுத்து ஆகணும். எத்தனை தடவை பொருந்துதுன்னு வச்சுத்தான் தொகுதி பிரிக்கிறாங்க. மூணு கோணமும் சாஞ்சிருக்கிற முச்சரிவுக்கு எந்தப் பக்கம் பிடிச்சாலும் முழுச் சுத்துதான்."

"அப்ப அது உருப்படாத கட்டை."

"அதுதான் அத்தான் அதோட அடையாளம்!"

"இருபத்தஞ்சு வருஷம் மூலைமட்டத்தோட வாழ்ந்தவன்மா. என் கையால கோணல் வராது."

"வராதா, வரவைக்கத் தெரியாதா?" என்றாள் அக்கா.

அத்தான் அவளை முறைத்தார். பிறகு ரம்பத்தை எடுத்தார்.

கோணமானி வைத்து அட்டையில் அச்சு வெட்டிக் கொடுத்தேன். திருத்த வேண்டிய மூன்றில் இரண்டு சீக்கிரம் முடிந்தன. முச்சரிவு படுத்தியது. ஒரு பக்கம் சரியாக வந்தால் அதற்கு எதிர்ப் பக்கம் இணையாக நிற்க மறுத்தது. இரண்டு கட்டைகள் வீணாகி மூலைக்குப் பறந்தன. "செங்கோணம்னா கண்ண மூடிட்டு அறுத்துருவேன். இந்தச் சனியனுக்குக் கண்ணு நாலு வேணும்!" என்று திட்டிக்கொண்டே மூன்றாவதை இழைத்தார். பொழுது சாயும்போது அது தேறியது. அதை மடியில் வைத்து விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

காலையில் பேராசிரியர் ஒவ்வொன்றாக அளந்தார். முச்சரிவை மட்டும் இரண்டு முறை அளந்தார். "பிசகே இல்ல. தேர்வு முடியட்டும், அலமாரியை நீங்களே பிரிச்சு அடுக்குங்க" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

தேர்வு தொடங்கியது. எந்த மாதிரி எந்தத் தொகுதி என்று மாணவர்கள் கண்டுபிடித்து எழுத வேண்டும். சாக்குப் பையை எடுத்துப் போக வந்த அத்தான் வராந்தா ஜன்னலருகே நின்றிருந்தார். உள்ளே ஒரு மாணவன் முச்சரிவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்தவனிடம் முணுமுணுத்தான்: "செங்கல்தான்டா இது. எவனோ வேலை தெரியாதவன் கோணலா அறுத்துவச்சிருக்கான்."

"யாருடா வேலை தெரியாதவன்?" ஜன்னல் கம்பி அதிர்ந்தது. "அது முச்சரிவு! மூணு கோணமும் வேணும்னே அறுத்தது! சுத்திப் பாருடா, எங்கயாவது பொருந்துதான்னு!"

இருபத்திநான்கு பேனாக்கள் ஒரே நேரத்தில் எழுதின.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தக் கேள்வியை ரத்து பண்ண வேண்டியதுதான்." பிறகு என் பக்கம் திரும்பினார். "அலமாரி விஷயம் அடுத்த வருஷம் பாக்கலாம்."

வெளியே வந்தேன். அத்தானுக்கு இன்னும் மூச்சு வாங்கியது.

"கோணலாம்! எப்படிச் சொல்றான் பாத்தியா?" என்றார். "ஆமா, நீ ஏம்மா மூஞ்சிய அப்படி வச்சிருக்க? மாதிரிதான் தேறிடுச்சே?"