ஹார்லன் துப்பாக்கியின் சத்தம்

என் வீட்டுக்காரர் ஹார்லனும் என் அண்ணன் ஓர்விலும் கடவுளுக்காகச் சண்டை போட்டதில்லை, ஓட்டுக்காகவும் போட்டதில்லை. சுட்ட பிறகு, துப்பாக்கிக்குள் தோட்டாவை அடைத்து மூடும் போல்ட்டைப் பின்னால் தள்ள வேண்டியது எது என்பதற்காக மட்டும் எங்கள் கல்யாண விருந்திலேயே தொடங்கினார்கள். கேக்கில் கத்தி வைக்கப்போன நான் கத்தியும் கையுமாகக் காத்திருந்தேன். வாத்து வேட்டைக்குப் பேர்போன எங்கள் அமெரிக்க ஊர் ஸ்டட்கார்ட் பக்கத்து நெல்வயல்களில் இந்தச் சண்டை இல்லாத வீடு கிடையாதுதான். ஆனால் எங்கள் வீட்டில் அது சாப்பாட்டு மேஜையில் உப்பு மாதிரி தினமும் இருந்தது.

ஓர்வில் கேஸ் கட்சி. தோட்டா வெடித்ததும் குழலில் இருக்கும் சின்னத் துளை வழியே கொஞ்சம் புகை கீழே இறங்கி பிஸ்டனை உதைக்கும். பிஸ்டன் போல்ட்டை உதைக்கும். காலித் தோட்டா வெளியே பறக்கும், அடுத்தது ஏறும். உதையின் வேகத்தில் ஒரு பங்கை இந்த வேலையே தின்றுவிடுவதால் தோளுக்குச் சுகம். ஹார்லன் ஸ்பிரிங் கட்சி. அவர் துப்பாக்கியில் துளையும் இல்லை, பிஸ்டனும் இல்லை. சுட்டதும் துப்பாக்கி பின்னால் பாயும். கனமான போல்ட் மட்டும் நகர மாட்டேன் என்று அடம்பிடிக்கும். நடுவில் மாட்டிக்கொண்ட தடித்த ஸ்பிரிங் நசுங்கும், பிறகு நிமிர்ந்து போல்ட்டை எறியும். சுத்தமான வேலை. உதை மட்டும் கழுதை உதை. எங்கள் அப்பா வைத்திருந்த கூன்முதுகுத் துப்பாக்கியில் குழலே மொத்தமாகப் பின்னால் போய்விட்டு வரும். அவர் இரண்டு கட்சியையும் பார்த்து, "சோம்பேறிப் பயலுகளா," என்பார்.

"மாப்ள, உன் துப்பாக்கி வாத்தைச் சுடல, சுடுறவனைச் சுடுது," என்பான் ஓர்வில்.

"உங்களதை தினம் குளிப்பாட்டி பவுடர் போட்டுல்ல மச்சான் கூட்டிட்டு வரணும்," என்பார் ஹார்லன்.

நான் அண்ணன் கட்சி. வருஷக்கணக்காகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டியதில் வலது தோள் தேய்ந்து ஆபரேஷன் ஆனபோது, எனக்குக் கேஸ் துப்பாக்கி வாங்கி வந்ததே ஹார்லன்தான். மேஜையில் வைத்துவிட்டு, "நான் தோத்துட்டேன்னு நினைச்சிக்காதே. தோத்தது உன் தோளு," என்றார். அந்தத் துப்பாக்கி ஒருநாள்கூட என்னை ஏமாற்றியதில்லை. அதைச் சொல்லிச் சொல்லி அவரை வாட்டி எடுத்திருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் மனுஷன் காபியை உறிஞ்சிக்கொண்டு கூரையைப் பார்ப்பார்.

இப்போது அந்தச் சத்தத்தைச் சொல்ல வேண்டும். தண்ணீர் கட்டிய வயலுக்கு நடுவே, வாத்துக் கண்ணில் படாமல் உட்கார எங்கள் பதுங்குகுழி. விடிவதற்கு முன்பே போய் உட்கார்ந்துவிடுவோம். சட்டப்படி சுட ஆரம்பிக்கலாம் என்கிற நேரம் வந்ததும் மூன்று பேரும் தோட்டா போடுவோம். நானும் ஓர்விலும் போல்ட்டின் கைப்பிடியை விரலால் பிடித்துக்கொண்டு மெல்ல மூடுவோம். பக்கத்துத் தண்ணீரில் வாத்துகள் உட்கார்ந்திருக்கும் அல்லவா? ஹார்லன் அப்படிச் செய்ய மாட்டார். போல்ட்டை விடுவிக்கும் பொத்தானை அமுக்கிவிட்டுக் கையை எடுத்துவிடுவார். போல்ட் தன் வேகத்தில் ஓடி மூடும். சடக். அந்த இருட்டில் அது அடுத்த வயல் வரை கேட்கும்.

"ஊரையே எழுப்பிட்டியே மாப்ள," என்பான் ஓர்வில்.

"எழும்பட்டும் மச்சான். தூங்குற வாத்தைச் சுட உங்க கேஸ் துப்பாக்கி போதுமே," என்பார் ஹார்லன்.

தினமும் இதே பேச்சு, ஒரு சொல் மாறாது. "ரெண்டு பேரும் வாயை மூடித் தொலைங்க," என்று நான் எரிந்துவிழுவேன்.

மார்ச் மாதம், வேலை பார்த்த நெல் உலர்த்தும் ஆலையில் மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபடியே ஹார்லன் போய்விட்டார். நெஞ்சு. அழுது முடித்து, துணிமணிகளைச் சர்ச்சுக்குக் கொடுத்து, அவர் நாற்காலியை மட்டும் வைத்துக்கொண்டேன். வெயில்காலம் எப்படியோ ஓடியது. நவம்பரில் வாத்துப் பருவம் திறந்தபோதுதான் அடி விழுந்தது. குழியில் நாங்கள் இரண்டு பேர். தோட்டா போடும் நேரம் வந்தது, இரண்டு போல்ட்டுகளும் பூனை மாதிரி மூடின, அவ்வளவுதான். ஓர்வில் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அந்தச் சத்தம் வேண்டும் போலிருந்தது. பசிக்கிற மாதிரி வேண்டும் போலிருந்தது. அந்த முட்டாள்தனமான பேச்சை இன்னொரு தடவை கேட்க முடிந்தால் என் வீட்டைக்கூட எழுதிக் கொடுத்திருப்பேன்.

ஓர்வில் வேறு மாதிரி யோசித்தான். அலமாரியில் ஹார்லனின் துப்பாக்கி இருக்கும்வரை நான் தேறமாட்டேன் என்று முடிவு கட்டி, அதை விலைக்கு வாங்க லிட்டில் ராக்கிலிருந்து ஒரு பல் டாக்டரைப் பிடித்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. நானும் சரி என்றேன். ஏன் சொன்னேன் என்று கேட்காதீர்கள். அந்த வாரம் முழுக்க எல்லாவற்றுக்குமே சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை என் துப்பாக்கி நின்றுபோனது. முதல் தோட்டா வெடித்தது. போல்ட் பாதி தூரம் வந்து சோம்பிப் படுத்துக்கொண்டது. பச்சைத்தலை வாத்து ஒன்று என் தலைக்கு மேலேயே நிதானமாகப் போனது.

"சுத்தம் பண்ணியா?" என்றான் ஓர்வில்.

"இதுக்கு எதுக்குண்ணே சுத்தம்? இது என்னிக்கு நின்னுருக்கு?"

அவன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். "அவன் பண்ணுவான்ல," என்றான்.

"யாரு, என்ன பண்ணுவாரு?"

"நீ குளிக்கப் போனதும் உன் துப்பாக்கியைக் கழட்டுவான். பிஸ்டன்ல இருக்குற கரியைச் சுரண்டி, எண்ணெய் தடவி, திரும்ப மாட்டி வச்சிடுவான். கேஸ் துப்பாக்கியைத் திட்டிக்கிட்டேதான் பண்ணுவான். உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டான்."

"ஏனாம்?"

"நீ ஜெயிச்சிக்கிட்டு இருந்தியாம். கெடுக்க வேணாம்னான்."

வீட்டுக்கு வந்து பழைய டவலை விரித்துக் கழற்றினேன். பிஸ்டனைச் சுற்றிச் சட்டி அடிக்கரி மாதிரி அப்பியிருந்தது. மார்ச்சிலிருந்து யாரும் தொடாத கரி. சுரண்டச் சுரண்ட எனக்குக் கோபம்தான் வந்தது. என்னைக் கேட்காமலே என்னை ஜெயிக்க வைத்திருக்கிறார். நான் வாட்டியபோதெல்லாம் கூரையைப் பார்த்தது சிரிப்பை அடக்கத்தான். இப்போது இதையெல்லாம் யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது? அழுகை வந்தபோது கையெல்லாம் கரி, கண்ணைத் துடைக்கவும் வழியில்லை.

சனிக்கிழமை அவர் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனேன். விற்பதற்கு முன்னால் ஒரு காலை. அதோடு, ஓர்வில் அதைப் பார்த்ததும் பழையபடி வாயைத் திறப்பான் என்று ஒரு ஆசை.

அவன் பார்த்தான். "தோளு?" என்றான்.

"என் தோளு, என் இஷ்டம்."

நேரம் வந்தது. தோட்டாவைப் போட்டேன். பொத்தானை அமுக்கத்தான் போனேன். விரல் கேட்கவில்லை. அந்தச் சத்தம் வந்து, நான் திரும்பிப் பார்த்து, பக்கத்தில் அவர் இல்லாமல் இருந்தால்? கைப்பிடியைப் பிடித்து மெல்ல மூடிவிட்டேன்.

கொஞ்சம் வெளிச்சம் வந்ததும் ஓர்வில் வாத்துக் குரலில் கூப்பிடும் ஊதலை எடுத்து ஊதினான். ஜோடி ஒன்று வட்டமடித்து, நாங்கள் மிதக்கவிட்டிருந்த பொம்மை வாத்துகளுக்கு நடுவே காலை நீட்டிக்கொண்டு இறங்கியது. இதைவிடச் சுலபமாக யாருக்கும் கிடைக்காது. எழுந்தேன், விசையை இழுத்தேன்.

டிக்.

வாத்துகள் போயின. நான் துப்பாக்கியைப் பிடித்தபடி நின்றேன். காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஸ்பிரிங் துப்பாக்கியில் போல்ட்டின் தலை கடைசியில் திரும்பிப் பூட்டிக்கொள்ள வேண்டும், அதற்கு ஓட்டம் வேண்டும். மெல்ல மூடினால் மூடியது போலவே இருக்கும், பூட்டியிருக்காது. "மெல்ல விடாதே, ஓட விடு," என்று ஹார்லன் அந்தத் துப்பாக்கியைத் தொட்டவர்களிடமெல்லாம் கத்தியிருக்கிறார். அவர் சத்தம் போட்டு மூடியதற்குக் காரணமே அதுதான். வீம்பு பாதி இருந்திருக்கும், அது வேறு.

நான் ஓர்விலுக்காகக் காத்திருந்தேன். இந்த டிக்கை வைத்து அவன் ஹார்லனை ஒரு குளிர்காலம் முழுக்க உண்டு இல்லை என்று பண்ணியிருப்பான். இப்போது என் முறை. பேசுடா, ஏதாவது பேசு.

"பரவால்ல நெல்டா," என்றான் மெதுவாக. "நாளைக்கு அந்த டாக்டர் வந்து எடுத்துட்டுப் போயிடட்டும். நீ கஷ்டப்படாதே."

துக்க வீட்டுக்கு வந்தவன் பேசுகிற மாதிரி பேசினான். ஹார்லனைப் புதைத்த அன்றுகூட நான் அவ்வளவு தனியாக இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வந்தார். காஸி என்று பெயர். இளவயசு, நல்ல பையன், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஓர்வில் மேஜையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து பெக்கான் பருப்பு போட்டு நான் சுட்ட பலகாரத்தை வெட்டிக்கொண்டிருந்தான். நான் துப்பாக்கியைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று காட்டி, டவல்மேல் வைத்தேன். டாக்டர் அதைத் தடவிப் பார்த்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. தடவியதில் தப்பொன்றும் இல்லை. பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

"இதுல குறை ஏதாவது இருக்காங்க?" என்றார்.

"குறையா? நேத்துகூட டிக்குன்னு ஏமாத்திடுச்சு," என்றேன். வாய் தானாகப் போனது. "உதைச்சா தோளு கழண்டுடும். மரத்துல முட்டுக்கொடுத்து சுட்டா அடுத்த தோட்டா ஏறாது. லேசான தோட்டா போட்டா முரண்டு பிடிக்கும். உங்க மாதிரி பல்லு புடுங்குற கைக்குக் கேஸ் துப்பாக்கிதான் நல்லது."

டாக்டரின் முகம் வாடியது. எனக்கு உள்ளே ஒரு நிம்மதி. அப்போதுதான் ஓர்விலின் முள்கரண்டி தட்டில் வந்து விழுந்தது.

"என்ன பேசுற நீ?" என்றான். காது சிவந்திருந்தது. "தம்பி, இவ சொல்றதைக் கேக்காதீங்க. அந்த ஐஸ் மழை பேஞ்ச காலைல என்னோடது உறைஞ்சு போச்சு, இவளோடது உறைஞ்சு போச்சு, இது ஒண்ணுதான் சுட்டுச்சு. வாய்க்கால்ல விழுந்துது, சேத்தை அலசிட்டு அங்கேயே நின்னு சுட்டான் அவன். புகை உள்ள போகாது, கரி பிடிக்காது. எத்தனை வருஷம் ஆச்சு, ஒரு ஸ்பிரிங் மாத்துனது கிடையாது."

அத்தனையும் ஹார்லனின் பேச்சு. ஒன்றுவிடாமல் ஹார்லனின் பேச்சு. ஆயுசு முழுக்க எதிர்த்துக்கொண்டே மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறான் என் அண்ணன்.

"அப்போ டிக்குன்னதுக்கு என்ன சொல்றே?" என்றேன்.

"அது துப்பாக்கி தப்பா? மெல்ல விட்டது யாரு? ஓட விடணும்னு அவன் தொண்டை கிழியக் கத்தல? காட்டு அவருக்கு."

சொல்லிவிட்டு, பேச்சு முடிந்தவன்போல் குனிந்து பலகாரத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

நான் துப்பாக்கியைக் கையில் எடுத்தேன். குழலை ஜன்னல் பக்கம் திருப்பினேன். கைப்பிடிக்குப் போன விரலை இழுத்துப் பொத்தானில் வைத்து அமுக்கினேன்.

சடக்.

சமையலறை அலமாரியில் தட்டுகள் அதிர்ந்தன.

"ஊரையே எழுப்பிட்டியே மாப்ள," என்றான் ஓர்வில், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், வாய் நிறையப் பலகாரத்தோடு.

டாக்டர் யார் வந்தது என்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். வாசலில் யாரும் இல்லை. ஓர்வில் மெல்லுவதை நிறுத்தினான். தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. இரண்டு கையையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு ஹார்லனின் நாற்காலியைப் பார்த்தான். அடுத்த பேச்சு வரவேண்டிய இடம் சும்மா கிடந்தது. அதை அப்படியே விட எனக்கு மனசு வரவில்லை.

"எழும்பட்டும் மச்சான்," என்றேன். என் கூடப்பிறந்தவனை நான் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "தூங்குற வாத்தைச் சுட உங்க கேஸ் துப்பாக்கி போதுமே."

ஓர்வில் தொப்பியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. எனக்கும் கண்ணில் தண்ணீர், ஆனால் அந்த வருஷம் முழுக்க வந்த தண்ணீர் மாதிரி இல்லை அது.

டாக்டர் நல்ல பையன் என்று சொன்னேனே, ஒன்றும் கேட்காமல் எழுந்தார். பாதிப் பலகாரத்தை அலுமினியத் தாளில் சுற்றிக் கொடுத்து, "அலைய வச்சிட்டேன், மன்னிச்சிக்கோங்க தம்பி. இது விக்கிறதுக்கு இல்லை," என்றேன்.

அவர் கார் போன பிறகும் ஓர்வில் கிளம்பவில்லை. தட்டைக் கழுவினான், கழுவிய தட்டையே மறுபடி கழுவினான். என் கேஸ் துப்பாக்கியைச் சுவரிலிருந்து எடுத்துக் கழற்றி, நான் சுரண்டியது சரியில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே பிஸ்டனை மறுபடி துடைத்தான். கிளம்பும்போது வாசலில் நின்றான்.

"நாளைக்கு நீ எதைக் கொண்டு வர்றே?"

"அவரோடதைத்தான்."

"உன் தோளு போயிடும், சொல்லிட்டேன்," என்றான். படி இறங்கிப்போய், வண்டிக் கதவைத் திறந்துவிட்டுத் திரும்பினான். "மெல்ல விட்டுடாதே, நெல்டா. ஓட விடு."