நாடிக்கட்டு

"இறுக்கிக் கட்டுடி. வெறைச்சுப் போச்சுன்னா அப்புறம் வாயி மூடாது," என்றாள் இருசம்மாள்.

பழைய வேட்டியில் கிழித்த துணியை அப்பாவின் தாடைக்குக் கீழே கொடுத்து, காதுகளை ஒட்டி மேலே இழுத்தாள் ஜோதி. வாய் மூடியது. கையைத் தளர்த்தியதும் மறுபடி திறந்தது. கீழ்வரிசைப் பற்கள் நான்கு தெரிந்தன. அவற்றில் வெற்றிலைக் கறை. கன்னத்தில் இன்னும் சூடு இருந்தது. மருதை இறந்து முக்கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது.

அம்மா அமிர்தம் கால்மாட்டில் உட்கார்ந்து இரண்டு பெருவிரல்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். தம்பி நவநீதன் வாசலில் போனில் ஒவ்வொருவருக்காகச் சொல்லிக்கொண்டிருந்தான். எதிர்வீட்டு இருசம்மாளுக்கு விரல்கள் மடங்காது. வேறு ஆள் இல்லை.

இரண்டாம் முறை முழங்காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு இழுத்தாள். முடிச்சு உச்சந்தலையில் விழுந்தது. அப்பா பல்வலிக்காரர் மாதிரி ஆகிவிட்டார்.

"நாடிக்கட்டு இப்படித்தான் இருக்கணும்," என்றாள் இருசம்மாள். "மனுசன் இன்னிக்குத்தான் அடுத்தவங்க பேசறத குறுக்கப் பேசாம கேக்கறாரு."

அமிர்தம் நிமிர்ந்து பார்த்தாள். இருசம்மாள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு வாசல் பக்கம் போனாள்.

மருதை மண்ணச்சநல்லூரில் ஓர் அரிசி ஆலையில் முப்பத்தெட்டு வருடம் தரம் பார்த்தவர். மூட்டையில் குத்தூசியை விட்டு, விழுந்த நெல்லை உள்ளங்கையில் தேய்த்து, ஊதி, ஒன்றைக் கடித்துப் பார்ப்பார். உள்ளே அரிசி பிடிக்காத நெல்லுக்குக் கருக்கா என்று பெயர். தூற்றினால் காற்றோடு போகும். ஜோதிக்கு ஏழு வயதில் வாய்ப்பாடு வரவில்லை. அன்றைக்கு அவளைக் கருக்கா என்றார். அதற்குப் பிறகு வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டது அவளுக்கு நினைவில்லை. ஒரு நாளும் அடித்ததில்லை. அதனால் அவரைப் பற்றி யாரிடமும் சொல்ல அவளிடம் எதுவும் இல்லை என்று நெடுநாள் நினைத்திருந்தாள்.

அவர் கத்தும்போது அவள் போய்விடுவாள். உடம்பு அங்கேயே நிற்கும். அவள் இருக்கமாட்டாள். நவநீதனின் கல்யாணத்தன்று சாப்பாட்டுப் பந்தியில் அவர் அப்படி ஒருமுறை கூப்பிட்டார். அடுத்து அவளுக்கு ஞாபகம் வருவது சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பெஞ்சு. பட்டுப்புடவையோடு இரண்டரை மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தாளாம். எப்படிப் போனாள் என்று இன்றுவரை தெரியாது.

அப்போதுகூட அவள் உதவி கேட்டு யாரிடமும் போகவில்லை. போனது போன வருடம். தோசைமாவுப் பாத்திரத்தை அவளுடைய பெண் தேவதர்ஷினி கைதவறிக் கீழே போட்டாள். ஜோதியின் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது. அப்பாவின் குரலிலேயே வந்தது. பத்து வயதுப் பெண் அழவில்லை. அந்த முகத்தை விட்டு ஆள் வெளியே போவதை ஜோதி பார்த்தாள். அந்த வழி அவளுக்குத் தெரியும்.

மறுவாரமே தான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரியில் டோக்கன் போட்டாள். செவ்வாய்க்கிழமை தோறும் ஜீனத் என்ற கவுன்சிலர். ஜோதியைவிடப் பன்னிரண்டு வயது இளையவள்.

"மறக்க வெக்க என்னால முடியாதுங்க. மன்னிங்கன்னும் சொல்லமாட்டேன், அது என் வேலை இல்ல," என்றாள் ஜீனத். "நீங்க போயிடறீங்கல்ல, அப்ப இங்க என்ன இருக்கோ அதோட பேரச் சொல்லுங்க. நல்லதா கெட்டதான்னு வேணாம். பேரு மட்டும்."

மூன்றாவது வாரம் ஜீனத் தன் டிபன் பாக்ஸிலிருந்து ஒரு பருக்கையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள். இதைப் பாருங்க, என்ன இருக்கு என்றாள்.

"பொன்னி. பழசு. ஓரத்துல உடைஞ்சிருக்கு, ரெண்டாம் தரம்."

"தரம் கேக்கலிங்க. என்ன இருக்குன்னு கேட்டேன்."

ஒரு பருக்கையைத் தரம் பிரிக்காமல் பார்க்க அவளுக்கு மூன்று மாதம் ஆயிற்று.

அதற்குள் மருதைக்கு மூளையில் இரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ஒரு வார்த்தை மட்டும் தங்கியது. தண்ணீர் வேண்டுமென்றாலும் கருக்கா. மூத்திரம் வந்தாலும் கருக்கா. ஊசி போட வந்த நர்ஸையும் அப்படியே கூப்பிட்டார். அடிக்கடி சொன்னதுதான் நிற்கும் என்று டாக்டர் சாதாரணமாகச் சொன்னார். ஜோதி எடமலைப்பட்டி புதூரில் தன் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி ஸ்ரீரங்கம் மூலத்தோப்பில் அப்பா வீட்டுக்கு வந்து, ஒன்பது மாதம் வாரத்தில் மூன்று நாள் அவருக்குத் துணி மாற்றினாள். கட்டில். வேட்டி. டெட்டால். மூத்திர வாடை. பெயர் சொல்லிக்கொண்டே செய்தாள். சில நாள் முடிந்தது. சில நாள் வீட்டுக்கு எப்படிப் போனாள் என்று தெரியாது.

இன்றைக்கு ஒரு நாள். பிணத்தை எடுக்கும்வரை போய்விடாமல் இங்கேயே இருக்க வேண்டும். தேவதர்ஷினி பார்க்கப்போகிறாள். அவ்வளவுதான் ஜோதி நினைத்திருந்தாள்.

பத்து மணிக்குத் துறையூரிலிருந்து வேன் வந்தது. அப்பாவின் தங்கை பாப்பாயி அத்தை முதலில் இறங்கி, தெருவிலிருந்தே மாரில் அடித்துக்கொண்டு வந்தாள். பிரீசர் பெட்டியின் கண்ணாடி மேல் விழுந்து ஒப்பாரி வைத்தாள்.

"கருக்கா கருக்கான்னு
கண்ணு மூடிப் போனியே
பெத்த மகளத்தான்
பேரு சொல்லிப் போனியே..."

கூட வந்த பெண்கள் அழுதார்கள். ஒருத்தி ஜோதியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "கடைசி மூச்சு வரைக்கும் உன் பேருதானாமே கண்ணு, கொடுத்து வெச்சவ," என்றாள்.

தரை கொஞ்சம் தள்ளிப் போயிற்று. ஜோதி தேடினாள். ஊதுவத்தி. பெட்டியின் மோட்டார் சத்தம். அழுகிறவளின் தலையில் சீயக்காய் வாசனை. தரை திரும்பி வந்தது. எழுந்து கொல்லைக்குப் போனாள்.

அமிர்தம் அடிபம்பு ஓரமாகச் சும்மா நின்றுகொண்டிருந்தாள்.

"அத்தகிட்ட யாரும்மா அப்படிச் சொன்னது?"

"எப்படி?"

"அந்த வார்த்தை என் செல்லப் பேருன்னு."

அமிர்தம் பம்பின் கைப்பிடியைப் பார்த்தாள். "பாக்க வந்தப்ப கேட்டுச்சு, அண்ணன் என்ன சொல்லுதுன்னு. உன்னைத்தான் கூப்பிடறாருன்னேன். அது பொய்யா?"

ஜோதி அம்மாவையே பார்த்தாள்.

"இன்னிக்கு ஒரு நாள் விட்டுடு," என்றாள் அமிர்தம்.

"நான் எதுவும் சொல்லலியேம்மா."

"உன் மூஞ்சி சொல்லுது."

மூன்று மணிக்கு வாசலுக்குக் கொண்டுவந்து குளிப்பாட்டினார்கள். நாடிக்கட்டு நனைந்து தாடையோடு ஒட்டிக்கொண்டது. கோடி வேட்டி போர்த்தி, நெற்றியில் சந்தனத்தைக் குழைத்துப் பூசி, பெஞ்சில் கிடத்தினார்கள். இருசம்மாள் பச்சரிசித் தட்டைக் கொண்டுவந்தாள். ஆண்கள் கொள்ளிடக்கரைச் சுடுகாட்டில் போடுவார்கள். பெண்கள் வீட்டிலேயே வாய்க்கரிசி போட்டுவிட வேண்டும்.

"மக முதல்ல வா," என்றாள் பாப்பாயி. பிறகு ஏதோ தோன்றியவளாகத் தேவதர்ஷினியைத் தோளைப் பிடித்து முன்னால் இழுத்தாள். "எல்லாரும் கேட்டுக்கங்க. எங்கண்ணன் வாயில கடைசியா நின்ன பேரு அழியக்கூடாது. கண்ணு படக்கூடாதுன்னு குப்பம்மா, பிச்சைன்னு வெக்கிறதில்லையா, அந்த மாதிரி. இனிமே எங்களுக்கு இந்தக் குட்டிதான் கருக்கா. என்னடி குட்டி?"

இரண்டு பெண்கள் கண்ணீரோடு சிரித்தார்கள். தேவதர்ஷினி சிரிக்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள். அந்த முகத்தில் கதவு திறந்துகொண்டது. ஆள் கிளம்பிவிட்டது.

ஜோதிக்கும் காது அடைத்தது. பந்தல் துணி மேலே மேலே போயிற்று. இப்போது போய்விட்டால் எல்லாம் தானாக முடிந்துவிடும். பஸ் ஸ்டாண்ட் பெஞ்சு காலியாகத்தான் இருக்கும்.

தட்டு. அரிசி. கட்டின வாய். என் பெண்ணின் தோள். அதன் மேல் அத்தையின் கை.

"அது செல்லப் பேரு இல்ல அத்த."

"என்னடி?"

"கண்ணு படக்கூடாதுன்னு வெச்ச பேரு இல்ல. ஒண்ணுத்துக்கும் உதவாதவன்னு சொல்றதுக்கு வெச்சது. ஏழு வயசுலேந்து. பத்தாவது மார்க் வந்தப்ப மில்லு வாசல்ல லோடு ஏத்தறவங்க எல்லாரையும் கூப்பிட்டு வெச்சு சொன்னாரு. பொண்ணு பாக்க வந்தவங்க காபி குடிச்சிட்டு இருந்தப்ப சொன்னாரு." குரல் ஏறவில்லை. மருந்துச் சீட்டைப் படிப்பது போல் சொன்னாள். "அவள விடுங்க. கைய எடுங்க."

தெருமுனையில் பறைக்காரர்கள் தோலைத் தீயில் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பொணத்த நடுவுல வெச்சுட்டுப் பேசற பேச்சா இது?" பாப்பாயியின் குரல் உடைந்தது. "அவரு எழுந்து பதில் சொல்லவா போறாரு?"

"உசுரோட இருந்தப்பவும் பதிலு அது ஒண்ணுதான் அத்த."

"அக்கா, விடு. வண்டி வந்துடுச்சு," என்றான் நவநீதன். அவன் யாரையும் பார்க்காமல் சொன்னான்.

பாப்பாயி அமிர்தத்தைப் பார்த்தாள். ஒரு வார்த்தை, இல்லை என்று அவள் சொன்னால் போதும். அமிர்தம் குனிந்து பிணத்தின் காலருகில் வேட்டியைச் சரிசெய்தாள். சரியாக இருந்ததைத் திரும்பவும் சரிசெய்தாள்.

பாப்பாயியின் கை தோளிலிருந்து இறங்கியது.

"போடுடி அரிசிய. நேரமாவுது," என்றாள் இருசம்மாள்.

ஜோதி கைப்பிடி அள்ளினாள். உள்ளங்கையைப் பார்த்தாள். வெள்ளை. ஈரம். ஒன்று உடைந்திருந்தது. அதையும் சேர்த்துப் புறங்கை வழியாக மூன்று முறை போட்டாள். கட்டின வாய்க்குள் எதுவும் போகவில்லை. உதட்டில் இரண்டு நின்றன. மற்றவை தாடையில் வழிந்து கட்டின் மடிப்பில் தங்கின. சில தரையில் விழுந்தன. விரல் உதட்டில் பட்டது. குளிர்ச்சி. அது வெறும் குளிர்ச்சிதான்.

அழவில்லை. அதைப் பற்றித் துறையூர் வரைக்கும் பேசுவார்கள்.

வண்டி திரும்பி மறைந்ததும் பெண்கள் வாசலைக் கழுவ ஆரம்பித்தார்கள். அமிர்தம் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஜோதியின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பதினாறு முடிஞ்சு சொல்லியிருக்கலாம்."

"அதுக்குள்ள அவள எத்தனை வாட்டி கூப்பிட்டிருப்பாங்க?"

அமிர்தம் பெருக்கினாள். "எனக்குக் காது கேக்காமயா இருந்துச்சு," என்றாள். தனக்கே சொல்வது போல் இருந்தது. ஜோதி திரும்பிப் பார்க்கவில்லை. மாலையிலிருந்து உதிர்ந்த பூ. துடைப்பச் சத்தம். அம்மாவின் கால், வெடிப்போடு.

கொல்லையிலிருந்து தேவதர்ஷினி எவர்சில்வர் குடத்தை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிவந்தாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. படியில் ஈரம். கால் வழுக்கியது. குடம் விழுந்து, உருண்டு, ஒவ்வொரு படியிலும் அடித்து, தெருவில் போய் நின்றது. பாப்பாயியின் புடவை முழங்கால் வரை நனைந்தது. பெண்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

சிறுமி அசையவில்லை. அம்மாவின் வாயைப் பார்த்தாள்.

வார்த்தை வந்தது. ஜோதிக்கு அது வருவது தெரிந்தது. வயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டையைத் தாண்டிப் பல் வரைக்கும் வந்தது. பற்களைச் சேர்த்து வைத்துக்கொண்டாள். தாடை வலித்தது. அது திரும்பி இறங்க நேரம் பிடித்தது.

"குடம்," என்றாள். குரல் கரகரத்தது. "தண்ணி."

சிறுமி கேட்டுக்கொண்டாளா என்று தெரியவில்லை.

தண்ணீர் வாசலில் பரவி, கிடந்த அரிசியைத் தூக்கிக்கொண்டு ஓடியது. சாக்கடை ஓரத்தில் ஒரு கல்லில் முட்டி இரண்டாகப் பிரிந்து இறங்கியது. ஜோதி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேவதர்ஷினி இன்னும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.